நேர்காணல் அறையில் உட்காரும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும்போது அறை ஒதுக்குவதும் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்புவதும் என் வேலை. படித்து முடித்துப் போன மாணவிகளும் வேலை மாறும்போது பயிற்சிக்கு வருவார்கள். உள்ளே என்ன கேட்டீர்கள் என்பதை வெளியே வந்ததும் முதலில் என்னிடம்தான் சொல்வார்கள்.

"வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" "கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவியா?" மணமானவர் என்றால், "குழந்தை பிளான் இருக்கா? வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்கு ஒத்துக்குவாரா?" சில இடங்களில் பேச்சு சொந்த ஊரில் தொடங்கிக் குலதெய்வம் வரை போகும். அது எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி என்று படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கல்யாணக் கேள்வி தன்னிடம் வந்ததாக இதுவரை எந்தப் பையனும் சொன்னதில்லை.

இவற்றுக்குப் பதில் சொல்லவும் பயிற்சி கொடுக்கிறேன். முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டாம், பொய்யும் வேண்டாம்; பொய் சொல்லிச் சேர்ந்தால் பின்னால் அது அவள் தலையில்தான் விடியும். கேட்பவருக்கு உள்ளே ஏதோ ஒரு கவலை இருக்கிறது, அந்தக் கவலைக்குப் பதில் சொல் என்பேன். "சார், நிலைச்சு வேலை பார்க்கணும்னுதான் வந்திருக்கேன். ஷிஃப்ட், டிரான்ஸ்ஃபர் எல்லாம் எப்படின்னு சொன்னீங்கன்னா, என்னால முடியுமான்னு இப்பவே சொல்லிடறேன்." பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். விடாமல் கேட்டால், "அது வீட்டு விஷயம் சார், வேலைக்கு இடைஞ்சல் வராம பார்த்துக்குவேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்துவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று வளர்ந்த பிள்ளைகள். எதிரில் இருப்பவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், மாப்பிள்ளை எந்த ஊர் என்பது வரை தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் வேலை கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவளுக்கு இந்தப் பயிற்சி போதவில்லை. போன வருடம் ஒரு பழைய மாணவி இன்டர்வியூவுக்கு முன் எங்கள் வராந்தாவில் நின்று மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தாலிக்கொடியை உள்ளே தள்ளி, துப்பட்டாவை இழுத்துப் பின் குத்தினாள். விரலில் மெட்டி இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. "ஷூ போட்டுக்கிட்டா தெரியாதுல்ல மேடம்?" என்று கேட்டாள். நன்றாகப் படித்த பெண், டெஸ்டிங்கில் மூன்று வருட அனுபவம். அந்த நேரத்தில் தன் வேலையைப் பற்றி யோசிக்க விடாமல் அவளைக் கால்விரலைப் பார்க்க வைத்தது நாம் எல்லோரும் சேர்ந்துதான்.

இது புதிய விவகாரம் அல்ல. எல்ஐசி ஒரு காலத்தில் பெண் விண்ணப்பதாரர்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஆனதா என்றெல்லாம் எழுதி வாங்கியது. கர்ப்பத்தை மறைத்து உறுதிமொழி கொடுத்தார் என்று நீரா மாத்தூர் என்ற ஊழியரை, பிரசவம் முடிந்த சமயத்தில் வேலையை விட்டு அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 1991-இல் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. பிரச்சினை படிவத்தில்தான் இருக்கிறது, இவை ஒரு பெண்ணைச் சங்கடத்துக்கும் அவமானத்துக்கும் ஆளாக்கும் கேள்விகள் என்று சொல்லி, அந்தக் கட்டங்களை நீக்க உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம், ஆளெடுப்பில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சின்ன நிறுவனத்துக்கு அது பாரம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணத்தை இஎஸ்ஐ கொடுக்கிறது. உங்கள் கையிலிருந்து போவதில்லை. எங்கள் பகுதி மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலைக்குச் சேரும் பெண்களில் பெரும்பாலோர் இந்தச் சம்பளத்துக்குள்தான் வருவார்கள். அவர்களிடமும் ஏன் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள்? அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கான செலவை அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். அந்தச் சுமையை ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி விசாரித்துக் குறைக்கப் பார்ப்பது நியாயமில்லை.

இரவு ஷிஃப்ட் உண்டா, வெளியூர் போக வேண்டுமா, எத்தனை வருடம் இருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எல்லாவற்றையும் தாராளமாகக் கேளுங்கள், பையன்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பிஎஃப் நாமினி, இஎஸ்ஐ குடும்ப விவரம் இவையெல்லாம் ஆளை எடுத்த பிறகுதான் தேவைப்படும்; அப்போது வாங்கிக்கொள்ளலாம். கணவர் பெயர், திருமண நாள், பிள்ளைகள் எத்தனை என்ற கட்டங்களை முதல் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரும் பருவத்தில் எங்கள் கல்லூரிக்கு வருபவர்கள் விண்ணப்பப் படிவத்தை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அந்தக் கட்டங்கள் இருந்தால் போன் செய்து எடுக்கச் சொல்வேன். எடுத்த பிறகுதான் மாணவிகள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆசிரியை