மா விவசாயிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நிர்வாகக் குழு தவறாமல் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. அவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த ஆண்டு நம்மை ஆட்டிவைத்த விஷயம் ஒன்றுதான். நம் காயை வாங்குகிறவர்கள் எப்படி வாங்க வேண்டும், அதற்கு நாம் எப்படி விளைவிக்க வேண்டும் என்பது அது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே.

2025 பருவத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலைகள் கூழுக்கு வாங்கும் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பல தோட்டங்களில் காய் மரத்திலேயே பழுத்து விழுந்தது. முந்தைய ஆண்டு மாங்கூழே விற்காமல் தேங்கியிருக்கிறது, புதிதாக அரைத்து எங்கே வைப்பது என்றார்கள் ஆலைக்காரர்கள். அது உண்மையும்கூட. 215 கிலோ பிடிக்கும், கிருமி புகாத அசெப்டிக் பையில் அடைத்து டிரம்மில் வைத்த கூழ் ஓராண்டுக்கு மேலும் கெடாது. மரத்திலிருக்கும் காய்க்கு அந்த வசதி இல்லை. சரக்கைத் தாங்கி நிற்கும் பலம் அவர்களிடம் இருக்கிறது. நமக்கு முற்றிய காயைப் பறிக்கச் சில நாட்கள்தான் இருக்கின்றன. விலை பேசும்போது இந்த ஒன்றே பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

அதே பருவத்தில் ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் தரும் என்பது ஏற்பாடு. ஜூன் மாதத்தில் வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடகத்துக்கு, விலை சரியும்போது விவசாயிக்குக் கைகொடுக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற கணக்கில் இரண்டரை லட்சம் டன் வரை ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. இரண்டு பக்கமும் இப்படி நடந்தபோது நடுவில் நின்றது கிருஷ்ணகிரி. நம் கோரிக்கை மனுக்களின் நகல்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.

இதையொட்டி நிர்வாகக் குழுவில் ஒரு கணக்குப் போட்டோம். அதை உறுப்பினர்கள் அனைவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு டன் பெங்களூராவில் தோலும் கொட்டையும் போகத் தோராயமாகப் பாதி, அதாவது 500 கிலோ கூழ் கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குடிக்கத் தயாரான பழபானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சைக்கு மட்டும் 5 சதவீதம். அந்தக் குறைந்த அளவை வைத்தே பார்த்தால், ஒரு டன் காயிலிருந்து 5,000 கிலோ மாம்பானம் வரும். கிலோ ஐந்து ரூபாய் என்றால் அந்த ஒரு டன்னுக்கு நமக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். ஒரு கிலோ பானத்தில் விவசாயியின் பங்கு ஒரு ரூபாய். கடையில் குழந்தைகள் வாங்கும் 150 மில்லி பொட்டலத்தில் 15 பைசா. 12 ரூபாய் விலை கொடுத்தாலும் அது 36 பைசாதான். இருபத்தொரு பைசா வித்தியாசத்தில் ஒரு குடும்பம் கடனில்லாமல் அடுத்த பூவைப் பார்க்கும். ஆலைக்கும் செலவு உண்டு. சர்க்கரை, பொட்டலம், போக்குவரத்து, விளம்பரம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன், காயின் விலை உயர்ந்தால் பானத்தின் விலை தாங்காது என்ற பேச்சு இந்தக் கணக்குக்கு முன் நிற்காது.

2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு சார்ந்த பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வாங்குகிறவர்களுக்கு அது நல்லது. அந்தக் குறைப்பிலிருந்து தோட்டத்துக்கு என்ன வரும் என்று கேட்டோம். இதுவரை பதில் இல்லை.

இனி, நாம் காய் போடும் மாங்கூழ் ஆலை ஒன்று நமக்கு அனுப்பிய படிவத்துக்கு வருகிறேன். ஆலையிடம் கூழ் வாங்கும் குளிர்பான நிறுவனம் பொறுப்பான கொள்முதலுக்கு ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. அதன்படி ஒவ்வொரு விவசாயியும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். என்ன மருந்து அடிக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சிறுவர்களை வேலைக்கு வைக்கிறீர்களா, காடு அழித்த நிலமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். உறுப்பினர்கள் பலர் பயந்தார்கள். நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வார்களோ என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்குவது சங்கத்தின் கடமை என்பதால் இது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தோம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் காட்டும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. மூலப்பொருளை நீடித்த முறையில் வாங்க நடைமுறை இருக்கிறதா, அப்படி வாங்கியது எத்தனை சதவீதம் என்று அதில் ஒரு கேள்வி. சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து வாங்கியது எவ்வளவு என்று இன்னொரு கேள்வி. ஏற்றுமதிக்கு இதைவிடக் கண்டிப்பு அதிகம். ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் 1997-இல் யூரெப்காப் என்று தொடங்கிய, நல்ல விவசாய முறைகளுக்கான தரநிலைதான் 2007 முதல் குளோபல்காப் என்ற பெயரில் இருக்கிறது. ஆக, அந்தப் படிவத்தில் நாம் எழுதும் பதில் நிறுவனத்தின் அறிக்கையில் ஒரு எண்ணாகப் போய்ச் சேர்கிறது. நம் கையெழுத்து அவர்களுக்குத் தேவை. அந்தத் தேவை இருக்கும்போதே நம் தேவையையும் சொல்லிவிட வேண்டும் என்பதே நிர்வாகக் குழுவின் முடிவு.

ஆலை நிர்வாகத்தோடும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியோடும் உட்கார்ந்து பேசினோம். மரியாதையாகக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். அப்போது நாம் முதலில் எடுத்துவைத்தது காய் குத்தகை, அதாவது ஒரு பருவத்துக் காயை முன்கூட்டியே மொத்தமாக விற்றுவிடுவது. நம் பகுதியில் எத்தனையோ தோட்டங்கள் பூ எடுக்கும்போதே குத்தகைக்குப் போய்விடுகின்றன. முன்பணம் வாங்கிய நில உரிமையாளர் அதன்பிறகு தோட்டத்துக்குள் மருந்து விஷயத்தில் தலையிடுவதில்லை. எப்போது அடிப்பது, எதை அடிப்பது, எந்த நாளில் பறிப்பது எல்லாம் குத்தகைதாரர் முடிவு. அவரோ காயை மண்டியில் இறக்குவார். மண்டியில் நாலு ஊர்க் காய் ஒரே குவியலாகி லாரி ஏறும். ஆலை வாசலில் எடை மேடைக்கு வரும்போது அது யார் தோட்டத்துக் காய் என்று யாராலும் சொல்ல முடியாது. படிவத்தில் மட்டும் சிட்டா வைத்திருப்பவர் பெயர் இருக்கும். இப்படி வாங்கிவிட்டு, எங்கள் பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று எங்களுக்குத் தெரியும் என நிறுவனம் எழுதினால் அது காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

உரிமையாளர் குத்தகைக்கு விடுவதும் ஆசையால் அல்ல. பூ எடுக்கும் சமயத்தில் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். முன்பணம் தர வேறு ஆள் இல்லை. நிறுவனத்துக்கு உண்மையிலேயே தோட்டம் வரை தெரிய வேண்டுமானால், பூ எடுக்கும் முன்பே குறைந்தபட்ச விலையை எழுத்தில் சொல்லி, ஒரு பகுதியை முன்பணமாகத் தர வேண்டும். அப்போது உரிமையாளர் தோட்டத்தைக் கையில் வைத்துக்கொள்வார், மருந்துக்கும் அவரே பொறுப்பேற்பார். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. முன்கூட்டியே பேசிய விலையை அதில் எழுதிப் பதிவு செய்யலாம். பெங்களூராவுக்கு அதைப் பயன்படுத்த வாருங்கள் என்று நாமே அழைத்திருக்கிறோம்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதையும் சங்கம் தள்ளிப்போடவில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மருந்துக் குறிப்பேடு கொடுத்தோம். மருந்தின் பெயர், அடித்த தேதி, அளவு, அடித்தவர் பெயர், பறித்த தேதி, இவ்வளவுதான். ஐரோப்பாவில் தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்குப் பொதுவாக ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம் எச்சம்தான் அனுமதி. அதாவது நூறு டன் பழத்தில் ஒரு கிராம். இங்கே பழகிப்போன குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்துக்கு 2020-லேயே அங்கே அனுமதி போய்விட்டது. ஒருவர் தோட்டத்துக் காய் ஒரு முழு லாட்டையே நிராகரிக்க வைக்கும். அப்போது ஊர் முழுவதற்கும் விலை இறங்கும். ஏற்றுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காயை நம் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி அடிப்பவர் நம் ஊர் ஆள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் மருந்தடிக்க அனுப்பாதீர்கள்.

பழ ஈக்கு, ஆண் ஈயை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் பொறி வைத்த தோட்டங்களில் கடைசி நேர மருந்து குறைந்ததை உறுப்பினர்களே சொன்னார்கள். உதிர்ந்த பழத்தை அப்படியே விட்டால் பொறியால் பயனில்லை. பொறுக்கிப் புதைக்க வேண்டும். தத்துப்பூச்சிக்குப் பூ எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மூன்று நான்கு மருந்தைக் கலக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். மருந்துக் கடைக்காரர் சொல்வதை விடப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பது நல்லது. பக்கத்தில்தானே இருக்கிறது.

காயைப் பழுக்க வைக்கும் கார்பைடு கல் பற்றிச் சுருக்கமாக. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது; பழுக்க வைக்க எத்திலீன் வாயுவுக்குத்தான் அனுமதி, அதுவும் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை. உறுப்பினர் எவரும் தன் தோட்டத்திலோ கொட்டகையிலோ கார்பைடு கல்லை அனுமதிக்கக் கூடாது.

சிறுவர்கள் விஷயத்தில் சங்கத்தின் நிலை தெளிவானது. நம் பருவமும் கோடை விடுமுறையும் சேர்ந்து வருகின்றன. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். வீட்டுப் பிள்ளைகள் பள்ளி நேரம் போகச் சொந்தத் தோட்டத்தில் கூடமாட உதவுவதற்கு மட்டுமே 2016 திருத்தத்தில் இடமுண்டு. குத்தகைதாரர் கூட்டிவரும் ஆட்களோடு பிள்ளைகள் வந்தாலும் உரிமையாளர் கேட்க வேண்டும். பறிக்கும் ஆட்கள் உயரமான கிளையிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நிறுவனத்தின் படிவத்தில் அவர்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பறிகூலி ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு வேண்டும், ஆலையில் நாள் முழுவதும் நின்றபடி தோல் சீவும் பெண்களுக்குச் சட்டப்படியான கூலியும் உட்கார இடமும் வேண்டும் என்று நாம்தான் எழுதிச் சேர்த்தோம். அவர்களில் பாதிப்பேர் நம் வீட்டுப் பெண்கள்.

ஆலைகளின் தோலும் கொட்டையும் சாலையோரத்தில் கொட்டப்படுவது குறித்துப் பக்கத்துக் கிராமத்தார் தொடர்ந்து வருந்துகிறார்கள். கழிவுநீர் பாய்ந்த கிணறு திரும்பி வர வருடங்கள் ஆகும். எங்கள் தோட்டத்துத் தண்ணீரைக் கேட்கும் படிவம் ஆலையின் வடிகாலையும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

மிக முக்கியமானது பண வரவு. காய் போட்டுப் பல வாரங்கள் கழித்தும் பணம் வராமல் ஆலைக்கு நடந்த உறுப்பினர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். சிறு, குறுந்தொழில்களிடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. சிறிய கூழ் ஆலைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அந்த ஆலைக்குக் காய் போடும் விவசாயிக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே நிறுவனம் தன் நெறிமுறையிலேயே இதை எழுத வேண்டும்: ஆலை விவசாயிக்குப் பணம் தந்த தேதியைக் காட்டினால்தான் அந்தக் கூழ் பொறுப்பாக வாங்கியதாகக் கணக்கில் சேரும். கொள்முதல் அதிகாரி இதற்கு உடனே ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. எடை ரசீதில் விவசாயி பெயரும் தோட்டத்தின் ஊரும் எழுதுவதற்கு மட்டும் ஆலை இசைந்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் மண்டியில் கழிவு என்று பிடிக்கும் எடையும் வெளியே தெரியும். ரசீதில் பெயர் இல்லாமல் யாரும் காய் இறக்க வேண்டாம்.

மாமரம் நெல் அல்ல. ஒரு போகத்தில் விலை இல்லையென்று அடுத்த போகத்துக்கு மாற்றிவிட முடியாது. நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம், நன்றாகக் காய்க்கப் பத்து வருடம். மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டவர்கள் ஆலைகளை நம்பித்தான் பெங்களூராவுக்கு மாறினோம். சென்ற பருவத்துக்குப் பின் சில உறுப்பினர்கள் காய்க்கும் மரத்தையே வெட்டினார்கள். இன்னும் வெட்ட நினைப்பவர்கள் ஒருமுறை சங்கத்துக்கு வந்து பேசுங்கள். அதே மரத்தில் செந்தூரா, பங்கனப்பள்ளி போன்ற வேறு ரகங்களை மேலொட்டு கட்டி மாற்ற வழி இருக்கிறது.

நிர்வாகக் குழு இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானங்கள் மூன்று. பூ எடுக்கும் முன் குறைந்தபட்ச விலையை எழுத்தில் தரும் ஆலைக்கே நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திடுவது. குத்தகைக்கு விடும் உறுப்பினர் குத்தகைப் பத்திரத்திலேயே மருந்துக் குறிப்பேட்டை எழுதும் கடமையைக் குத்தகைதாரருக்குச் சேர்ப்பது. எடை ரசீதுகளையும் பணம் வந்த தேதிகளையும் சங்கத்தில் பதிந்து, பருவ முடிவில் ஆலைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே பட்டியலாக அனுப்புவது.

பயிற்சிக்கு இடம் தந்த ஊராட்சிக்கும், தோட்டங்களுக்கு நேரில் வந்து ஆலோசனை சொன்ன தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், குறிப்பேடுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. குத்தகைப் பத்திர மாதிரியின் நகல் வாசலில் மேசை மீது இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் வாக்கெடுப்புக்கு முன் எழுதிக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்