சனிக்கிழமைக்குத் தள்ளாதே

அன்புள்ள செல்வி,

கார்த்திகையில் நீ போட்ட கடிதத்துக்கு மார்கழிக் கடைசியில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

நீ பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டாயாம், அதுவும் குக்கரில் வைக்கப்போகிறாயாம். வசந்தா போனில் சொன்னாள். ஏன்டி? கமலா அத்தை காதில் விழுந்தால் என்ன ஆகும்!

டொராண்டோவில் தை பிறக்கும்போது சூரியன் உதிக்கவே காலை 7.50 ஆகிறது. ஏழேகாலுக்கு அடுப்பைப் போட்டால் போதும், பொங்குவதைப் பார்த்துவிட்டே பாப்பா பள்ளிக்கூடம் போகலாம். கிழக்கு ஜன்னல் இல்லையென்று சாக்குச் சொல்லாதே. இந்த மாதத்தில் இங்கே சூரியன் நன்றாகத் தெற்கே தள்ளித்தான் எழும்பும். தெற்குப் பார்த்த கூடத்து ஜன்னலில் நின்று இடது பக்கம் பார், தெரியும்.

பால்கனியில் கேசட் அடுப்பு, அதுதான் எரிவாயு டப்பா செருகுகிற கைப்பெட்டி அடுப்பு, வேண்டவே வேண்டாம். கட்டட விதி ஒருபுறம் இருக்கட்டும், அந்த டப்பாவில் இருப்பது பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, தீ அணைந்துபோகும். எரியவில்லையே என்று உள்ளே தூக்கிவந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு சேரும். சமையலறை மின்னடுப்பே போதும்.

அதில் மண்பானை விரிசல் விடும். உன் அம்மா கொடுத்த வெண்கலப் பானைக்கு அடி உருண்டை, சூடு சரியாக ஏறாது. தட்டையான அடியும் குறுகின வாயும் உள்ள இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் எடு. அரை லிட்டர் 3.25 சதவீதக் கொழுப்புள்ள பாலும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஊற்று. மஞ்சள் கொத்தைக் கழுத்தில் உயர்த்திக் கட்டு, இலை அடுப்பைத் தொடக்கூடாது.

முதலில் நுரை ஓரத்தில் மோதிரம் மாதிரி கட்டும், பிறகு நடுவில் ஏடு உப்பும், அடுத்த நொடியே வழியும். மின்னடுப்பை அணைத்தாலும் சூடு உடனே இறங்காது. அதனால் வழிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்து அடுப்பில் வை. பிறகு இரண்டு கரண்டி மொண்டு எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் பச்சரிசியும் கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பும் போடு. அரிசி குழைந்த பிறகுதான் கரைத்து வடிகட்டிய வெல்லம், ஒன்றரை டம்ளர். முந்தினால் அரிசி விறைத்துக்கொள்ளும், பாலும் திரியும். பாகு கண்ணாடி அடுப்பில் சிந்தக்கூடாது. காய்ந்தால் பெயர்க்கும்போது கண்ணாடியே குழி விழும்.

முந்திரி வறுக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுக்கும் காற்றாடியைப் போடு. சாம்பிராணியை விட்டுவிடு. புகை அலாரத்தைத் துணியால் மூடுகிற வேலை மட்டும் வேண்டாம். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் கார் டிக்கியில் போட்டுவிடாதே. பனியில் இலை கறுத்துத் துவண்டுவிடும், உன் காலடியிலேயே வைத்துக் கொண்டு வா.

செல்வி, விளையாட்டுக்கு எழுதவில்லை. குக்கர் மூடிக்குள் பொங்கினால் யார் கண்ணுக்குத் தெரியும்? பாப்பாவுக்கு ஏழு வயதாகிறது, பால் வழிவதை அவள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வகுப்புக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்ப நினைத்தால் டீச்சரை முதலில் கேள். முந்திரி போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவை, பல பள்ளிகளில் கொட்டை வகை கூடாது. தயங்காதே. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒண்டாரியோ 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஏற்றாகிவிட்டது.

உனக்கு 7.50 என்றால் ஊரில் சாயங்காலம் 6.20, உன் அம்மா விளக்கேற்றும் நேரம். பால் ஏறத் தொடங்கும்போதே வீடியோவில் கூப்பிடு. குலவையை அவர் அங்கிருந்து போடட்டும்.

ஏலக்காய் இல்லையென்றால் சொல், வசந்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
மல்லிகா