கை தூக்கச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் ஒருவர் 'சும்மா வந்து கேளுங்க, டிபனும் உண்டு' என்று ஒரு கல்யாண மண்டபத்துக்கு இழுத்துப் போனார். ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற வகைக் கூட்டம்தான், ஆனால் மேடையில் பேசியவரின் சாமர்த்தியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் பத்து நிமிடம் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நானும் ஓட்டை மொபட்டில் போனவன்தான்' என்று ஆரம்பித்து, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் அழுத கதையை அவர் முடித்தபோது பக்கத்து நாற்காலி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 'பிள்ளைகளை நல்லாப் படிக்க வைக்க ஆசைப்படுறவங்க கை தூக்குங்க!' யார்தான் தூக்க மாட்டார்கள்? இப்படி நாலு கேள்விக்குத் தூக்கிய கை, ஐந்தாவதாக 'இன்னிக்கே சேர்றவங்க?' என்றதும் பழக்கத்தில் தானாக எழுகிறது. முன்வரிசையில் முதலில் எழுந்து கைதட்டியவர்களே டிபன் நேரத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு படிவம் கொடுத்தார்கள்.

மாதம் 10 சதவீத வருமானமாம். வட்டிக்கு வட்டி போட்டுப் பாருங்கள், 1 லட்சம் 12 மாதத்தில் 3 லட்சத்தைத் தாண்டும். அது எப்படி முடியும் என்று கேட்க யாருக்கும் இடைவெளி விடவில்லை, சலுகை சாயங்காலம் ஆறு மணி வரைதான். இந்த மாதிரிப் பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது, 2021 நேரடி விற்பனை விதிகளும் ஆளுக்குக் கீழ் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன.

பள்ளிகளில் பேச்சுப்போட்டி வைக்கிறோம், சரி. கேட்ட பேச்சைப் பிரித்து மேய ஒரு பீரியடாவது உண்டா?

சொந்தக்காரர் 15,000 ரூபாய் கட்டிவிட்டார். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் வரும் என்றார்களாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை