காலாண்டு முடிந்தது, கூடவே பேஸ்பால் பேட் பற்றி ஒரு விஷயம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் உற்சாகமாகத் திரும்பியிருக்கிறார்கள். மதிப்பெண் அட்டை இந்த வாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். பேச்சுப் போட்டி, கோ-கோ, அறிவியல் கண்காட்சி என்று எல்லாவற்றிலும் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் பாராட்டுகள். மழைக்காலம் நெருங்குகிறது, பையில் குடை இருக்கட்டும்.

சரி, இப்போது உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியது பேஸ்பால் பேட் பற்றி. தீபாவளி ஆஃபர் ஆரம்பித்துவிட்டது, பிள்ளைகள் போனில் அலுமினிய பேட்டைக் காட்டி நச்சரிக்கிறார்கள் என்று உங்களில் சிலரே என்னிடம் சொன்னீர்கள். வாங்கிய பிறகு வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கும் வருத்தம், எனக்கும் சங்கடம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பிள்ளை ஆசைப்படுகிறானே என்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கித் தருகிறீர்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். மரப் பேட் உடைந்துவிடும், அலுமினியம் என்றால் வருஷக்கணக்கில் வரும் என்ற உங்கள் கணக்கிலும் தப்பில்லை. ஜப்பானில் 1974-இல் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குள் உலோக பேட்டை விட்டதற்கே உடைகிற பேட்டுகளின் செலவுதான் முக்கியக் காரணம். ஆனால் உடையாது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

போன மாதம் பயிற்சியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினிய பேட்டால் அடித்தான். மூன்றாவது பேஸ் என்கிற ஓட்ட முனையில் நின்ற பெண் பிள்ளை கையுறையைத் தூக்குவதற்குள் பந்து அவள் முன்கையில் பட்டுவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை, நான்கைந்து நாளில் வீக்கமும் வடிந்துவிட்டது. அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் ஒழுங்காகத்தான் அடித்தான். அவள் கை இருந்த இடத்தில் முகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

இரண்டு பேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டீர்கள். மரப் பேட் முழுக்க ஒரே கட்டை. பந்து அதில் மோதும்போது பந்துதான் நசுங்குகிறது, அந்த நசுங்கலில் வேகத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அலுமினிய பேட் உள்ளே வெறும் குழாய். அதன் மெல்லிய சுவர் கொஞ்சம் உள்வாங்கி உடனே மீள்வதால் பந்து அவ்வளவாக நசுங்குவதில்லை, வேகமும் அவ்வளவாகக் குறைவதில்லை. அதோடு நுனியில் கனம் குறைவு, பிள்ளைகளால் இன்னும் வேகமாக வீச முடியும். நடுவில் சரியாகப் படாத பந்தும் பறக்கும். ஆடுகிற பிள்ளைக்கு இதெல்லாம் கொண்டாட்டம்தான், எதிரே நிற்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால்தான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2011 முதல் உலோக பேட் மரத்தைப் போலவே அடிக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். ஜப்பானிலும் 2024-இல் உயர்நிலைப் பள்ளி பேட்டின் சுவர்த் தடிமனை 3 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டி, பேட்டின் விட்டத்தை 67-இலிருந்து 64 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகில் இன்றைக்கும் ஒரே மரத்துண்டில் கடைந்த பேட் மட்டும்தான்.

நம் பிள்ளைகள் கொண்டுவந்த பேட்டுகளை பி.டி. சாரும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இப்படிப்பட்ட அளவுக்கு உட்பட்டது என்று காட்டும் தரமுத்திரை எதிலும் இல்லை. ஒன்றில் கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல், நுனி மூடி கழன்று கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி நிற்கிறது. மரம் விரிசல் விட்டால் அடிக்கும்போது சத்தமே மாறிவிடும், பிள்ளையே கண்டுபிடித்துவிடுவான். அலுமினியத்தில் விழுகிற விரிசலை யார் கவனிப்பார்கள்? வீசும்போது மூடி தெறித்தால் பக்கத்தில் கோ-கோ ஆடுகிறவர்கள் மேல்தான் போய் விழும்.

அப்புறம், மதிய இடைவேளையில் இதே பேட்டால் கிரிக்கெட் பந்தை அடிக்கிறார்கள். 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கினார், பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி புகார் சொன்னார், கடைசியில் பேட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கிரிக்கெட் பேட்டின் அடிக்கும் பகுதி மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

ஆகவே இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வரும் திங்கள் முதல் எந்த பேட்டும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரக்கூடாது. பயிற்சிக்குப் பள்ளியின் மரப் பேட் மட்டும்தான். மீறி வந்தால் அலுவலகத்தில் வாங்கி வைப்போம், அப்பாவோ அம்மாவோ நேரில் வந்துதான் எடுத்துப்போக வேண்டும். பாதுகாப்புக்கு என்று வண்டியில் வைத்திருக்கிற பேட்டை இரண்டு பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தயவுசெய்து அப்படி ஒன்று இருந்தால் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், இந்த விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டாம். பள்ளமும் விரிசலும் இல்லாத பேட் என்றால், ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த இடத்தில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ரப்பர் பந்தை வைத்து அடிக்கட்டும். சில்வர் பீச்சில் ஞாயிறு சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவே வேண்டாம். மரப் பேட் எங்கே உடைந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். கம்பெனி முத்திரை வானத்தைப் பார்க்கும்படி பிடித்து அடிக்க பி.டி. சார் கற்றுத்தருகிறார். மரத்தின் ரேகை சரியான பக்கம் பந்தை வாங்கினால் பேட் நாள்பட வரும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் போடாமல் இருந்தாலே பாதி ஆயுள் கூடிவிடும். இதற்காகவே முதுநகரில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவியின் அப்பா, நாங்கள் கேட்காமலேயே சுவரில் மாட்டுகிற ஸ்டாண்ட் ஒன்று செய்து கொடுத்தார். அவருக்கும், அடிபட்ட அன்று கோபப்படாமல் எங்களோடு நின்ற அந்தப் பெற்றோருக்கும், விஷயம் தெரிந்ததும் தாங்களாகவே பேட்டைத் திரும்ப எடுத்துப்போன வீட்டாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. இரண்டு வகை பேட்டும் மேசையில் இருக்கும், கையில் எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் என்னிடமே கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கடலூர்