திருகை இறுக்கும் முன்: ஃபைபர் கிளாஸ் நீச்சல் குளம் வைத்திருப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளிலிருந்து இப்போது வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஏணி ஆடுகிறது, தண்ணீர் பாயும் இன்லெட் கழன்று தொங்குகிறது, விளக்கு வளையம் தளர்ந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: ஒரு திருகை இறுக்குவதற்கு இரண்டு முறை ஆள் வந்து கூலி வாங்க வேண்டுமா? கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில், கூலி தேவைப்படாத வேலையைச் சொல்லிவிடுகிறோம். ஏணியின் கால்கள் பெரும்பாலும் குளத்தின் ஃபைபர் கிளாஸ் தொட்டியில் பொருத்தப்படுவதில்லை. கரையின் கான்கிரீட்டில் பதித்த குழிக்குள் ஓர் ஆப்பும் போல்ட்டும் அவற்றைப் பிடித்திருக்கும். மேலே உள்ள வளையத்தை நகர்த்தி, ஸ்பேனரால் அந்த போல்ட்டை இறுக்கினால் போதும். கான்கிரீட்டே பெயர்ந்திருந்தால் மட்டும் எங்களை அழையுங்கள்.

தொட்டிச் சுவரில் இருப்பவற்றின் கதை வேறு. அந்தச் சுவரின் கனம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திருகு ஆழமாகக் கடித்து நிற்க அங்கே இடமில்லை. அதனால் இன்லெட் போன்றவை முன்புறம் விளிம்பு, பின்புறம் நட், இடையில் ரப்பர் கேஸ்கட் என்று சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. குளோரினில் ஊறி ஊறி அந்த ரப்பர் விறைத்துவிடும். சுற்றிலும் நிரப்பிய மணல் மழையில் அமுங்கினால் குழாய் பின்னாலிருந்து இழுக்கும். கோளாறு சுவருக்குப் பின்னால் இருக்க, முன்னால் உள்ள திருகை மூச்சைப் பிடித்து முறுக்கினால் ஜெல்கோட்டில் சிலந்தி வலை போல விரிசல் ஓடும். அதன் பிறகு செலவு பல மடங்காகும்.

திருகுத் துளை தேய்ந்திருந்தால் அதை அகலப்படுத்தி, நன்றாக உலர்த்தி, கண்ணாடி இழைத் தூள் கலந்த எபாக்ஸிப் பசையால் அடைக்கிறோம். அது முழுமையாக இறுகிய பிறகே புதுத் துளை இடுகிறோம். இரண்டாவது முறை ஆள் வருவது அதற்காகத்தான். கடலோரத்தில் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு பழுப்புக் கறை விடும் என்பதால் 316 வகையையே போடுகிறோம். சில வீடுகளில் காவலாளியோ தோட்டக்காரரோ நல்ல எண்ணத்தில் குளியலறை சிலிக்கானை அப்பி வைத்திருப்பார்கள். அது தண்ணீருக்குள் நிலைக்காது. அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

எக்காரணம் கொண்டும் குளத்தை நீங்களாகக் காலி செய்யாதீர்கள். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் சுமார் 23 டன் தண்ணீர் இருக்கிறது. தொட்டியை மண்ணுக்குள் அழுத்தி வைத்திருப்பது அந்த எடைதான். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது காலித் தொட்டி குழாய்களை முறித்துக்கொண்டு மிதந்து எழும்பிவிடும். நாங்களும் தேவையான மட்டத்துக்கு மட்டுமே நீரைக் குறைப்போம். அதற்கும் கீழே என்றால் நீருக்குள்ளேயே இறுகும் எபாக்ஸியோடு முங்கித்தான் வேலை செய்வோம்.

அடித்தள வடிகாலின் மூடி ஆடினால் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே பம்பை நிறுத்தி, எல்லோரையும் வெளியேற்றுங்கள்; மூடி சரியாகும் வரை யாரும் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் 2002-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி மூழ்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அங்கே வடிகால் மூடிகளுக்கான சட்டம் வந்தது. விளக்கு தளர்ந்திருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் குறைகிறதா என்ற சந்தேகம் இருந்தால், ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விடுங்கள். மழை பெய்யாத, யாரும் குளிக்காத நாளாக இருக்கட்டும். வாளியைவிடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. அழைக்கும்போது அந்த அளவையும், தளர்ந்த பொருத்தின் புகைப்படத்தையும் அனுப்பினால், சரியான கேஸ்கட்டை முதல் வருகையிலேயே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
உங்கள் குளப் பராமரிப்புக் கடையினர்