அப்பா நேற்று கடைக்குப் போனார்

ஊரில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று சலூனுக்கு நடந்தே போய்விட்டு வந்தார். காலில் கட்டு இல்லை. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மெதுவாக, வழியில் வேப்பமரத்தடியில் ஒருமுறை மட்டும் நின்று. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு மாதமாக அப்பாவின் உள்ளங்கால் புண்ணால் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கால் இருக்கிறது. புண் மூடிவிட்டது. அது போதும்.

நிறையப் பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதலில் சலூன் அண்ணனுக்கு.

முன்பு வந்த தொழுநோயால் அப்பாவுக்குக் கைவிரல்கள் மடங்கியே இருக்கும், ரேசரைப் பிடிக்க முடியாது. அம்மா இருந்தவரை அம்மாதான் சவரம் செய்துவிடுவாள். அதற்கப்புறம் நான் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன், மேடும் பள்ளமுமாக இருக்கும். கடைக்குப் போகலாம் என்றால் தலையை ஆட்டிவிடுவார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில், நாற்காலி காலியாக இருக்கும்போதே, "இன்னைக்கு முடியாது" என்று அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த சலூன் படியும் ஏறியதில்லை.

புண் ஆறுவதற்காகக் காலில் போட்ட மாவுக்கட்டோடு படுத்திருந்த நாட்களில் தாடி கழுத்தை மூடிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு லீவு நாள், அண்ணன் ஒரு பையோடு வாசலில் நின்றார். நான் கூப்பிடவில்லை. யார் சொன்னார்கள் என்றும் இதுவரை கேட்கவில்லை. "பெரியவர் முழிச்சிருக்காரா?" என்றார், அவ்வளவுதான்.

கடையில் போடுகிற அதே வெள்ளைத் துணியை அப்பாவின் கழுத்தில் கட்டினார். புது பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மோவாயை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் மழித்தார். டாக்டர், நர்ஸ் தவிர வெளியாள் ஒருவர் அப்பாவின் முகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்துவிட்டு, கண்ணாடியைக் காட்டினார். அப்பா ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவேயில்லை.

காசு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அண்ணன் எல்லோரிடமும் வாங்குகிற தொகையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சும்மா செய்துவிட்டுப் போயிருந்தால் அப்பா ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருப்பார். கிளம்பும்போது, "கட்டுப் பிரிச்சதும் கடைக்கு வந்துடுங்க, இங்க வெளிச்சம் பத்தல" என்றார்.

அதனால்தான் நேற்று போனோம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க, உட்காருங்க" என்றார் அண்ணன். பெஞ்சில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தவர் நகர்ந்து இடம் விட்டு, நடுத்தாளை உருவி அப்பாவிடம் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தன் முறை வரும்வரை அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். தாளைக் கொடுத்தவரே, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. நன்றி.

இனி மற்றவர்கள். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா பிரஷர் மாத்திரை கொடுக்கத்தான் வந்தார். தரையில் ஈரத்தடம் இருப்பதைப் பார்த்து அப்பாவின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தவர் அவர். அப்பாவுக்கு வலி தெரியாது, அதனால் எங்களுக்கும் தெரியாமல் போயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், கட்டு மாற்றிய சிஸ்டர்கள், கால் பராமரிப்பைச் சொல்லித்தந்த பிசியோ தம்பி, நேரம் பார்க்காமல் ஆட்டோ எடுத்த மாமா, மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தவர், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைகள், உங்கள் எல்லோருக்கும் இந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை வெளியே சொன்னதில்லை. அப்பா தொழுநோய்க்கான பன்னிரண்டு மாத கூட்டு மருந்தை எப்போதோ முடித்துவிட்டார். அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. கிருமி போய்விட்டாலும் செத்த நரம்புகள் திரும்பி வராது. அதனால்தான் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாமல் புண்ணாகிறது. தொழுநோயாளிகளின் கையும் காலும் சிதைவதற்குப் பெரும்பாலும் இந்த வலியின்மைதான் காரணம் என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் எடுத்துக்காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019-இல்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த விதி இருந்த காலம் முழுக்க அம்மா அப்பாவுடன்தான் இருந்தாள், தினமும் அவருக்குச் சவரம் செய்துகொண்டு.

இனி அந்தக் கால்கள் என் பொறுப்பு. தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவி, விரல் இடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு நாளும் விடமாட்டேன்.

அப்பா முதல் தேமலை இரண்டு வருஷம் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தார், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில். உங்கள் வீட்டில் யாருக்காவது தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எந்த நேரமானாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், நான் கூட வருகிறேன்.