ஊதியவரின் பெயரையும் சேர்த்து

பதுவா,
11.2.2024

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தேன் என்று நீ எழுதியிருந்த வரியை இவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கோலம் போடுவதை மட்டும் இன்னும் சில மாதங்களுக்கு மருமகளிடமே விட்டுவிடு. அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே இவர் ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் சந்தைக்குப் போய் என்னைவிட நன்றாகக் காய் பொறுக்குகிறார். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

நீ செய்தித்தாளிலிருந்து வெட்டி அனுப்பிய துணுக்கை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெண் பழைய பொருள் விற்கும் கடையில் 3.99 டாலருக்கு வாங்கிய கண்ணாடி ஜாடி, டிசம்பர் மாத ஏலத்தில் 1,07,100 டாலருக்குப் போன செய்தி. "இருபது ஆண்டுகளாக நீயும் இதே இத்தாலியக் கண்ணாடியைத்தானே சேர்க்கிறாய், உன் அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய்.

இல்லை. அப்படி ஒன்று என்னிடம் இல்லை. ஆனால் அந்த ஜாடி என்னவென்று எனக்குத் தெரியும். கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1942இல், வெனிஸுக்குப் பக்கத்து முரானோ தீவில் உள்ள வெனீனி கண்ணாடி நிறுவனத்துக்காக வரைந்த 'பென்னெல்லாத்தே' வரிசையைச் சேர்ந்தது. 'தூரிகைத் தீற்றல்கள்' என்று பொருள். தெளிந்த கண்ணாடிக் குமிழியை ஊதிக்கொண்டிருக்கும்போதே, வேறு நிறக் கண்ணாடியை உருகிய நிலையில் அதன் மேல் இழுத்து விடுவார்கள். குமிழி பெரிதாகப் பெரிதாக அந்தத் தீற்றலும் விரிந்து சுழலும். ஓவியன் என்றால் தீற்றிய இடத்தை அழித்து மறுபடி தீற்றலாம். இங்கே அதற்கு வழியில்லை. சூடு இறங்குவதற்குள், ஊதுகுழாய் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஒரே கைவீச்சில் முடிய வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு உலோகச் சேர்மானம் போவதால், ஆறும்போது ஒவ்வொரு கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கும். இரண்டின் சுருக்கமும் ஒத்துப்போகாவிட்டால், மெல்ல ஆறவிடும் அடுப்பிலிருந்து முழுதாக வெளியே வந்த பொருளும் பிறகு விண்டுவிடும். அந்த ஜாடி எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு கடையின் மூலையில் கீறல் இல்லாமல் நின்றது என்றால், கலவை போட்டவரும் ஊதியவரும் எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று பார். ஸ்கார்ப்பாவின் பெயர் எல்லாச் செய்திகளிலும் வந்தது. அதை ஊதியவர் யார் என்று ஒரு செய்தியும் பேசவில்லை. உன் துணுக்கைப் படித்ததும் எனக்கு முதலில் உறைத்தது இதுதான்.

ஸ்கார்ப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் கண்ணாடி பார்க்கப் பழகியதே அவரிடம்தான். வெனிஸ் நகரின் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒலிவெத்தி தட்டச்சுப்பொறி நிறுவனத்துக்காக அவர் 1950களின் இறுதியில் கட்டிய காட்சியகத்தின் தரையை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். சிறு சிறு முரானோ கண்ணாடிச் சில்லுகளைப் பதித்த தரை. மழை நாளில் நீர் தேங்கி நிற்பது போலவே மினுங்கும். அவர் 1906இல் வெனிஸில் பிறந்தவர். இருபது வயதில் முரானோவுக்கு வரைய ஆரம்பித்து, 1932 முதல் 1947 வரை வெனீனிக்காக உழைத்தார். 2012இல் சான் ஜோர்ஜோ தீவில் அந்தப் பதினைந்து ஆண்டுப் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஏறத்தாழ 300 பொருள்கள். மூன்று முறை போனேன். மூன்றாம் முறை 'பத்தூத்தோ' ஜாடிகளின் முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் நின்றேன். ஆறிய கண்ணாடியின் மேற்பரப்பு முழுவதையும் சாணைச் சக்கரத்தில் சின்னச் சின்னதாகத் தேய்த்திருப்பார்கள். அடித்துச் செய்த செப்புக் குடத்தில் சுத்தியல் தடம் தெரியுமே, அது போல இருக்கும். வெளிச்சம் ஊடுருவிப் போகாமல் அந்தத் தடங்களிலேயே தங்கிவிடும்.

அவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இல்லை. உலைக்குப் பக்கத்திலேயே நிற்பார். அவருடைய கோடுகளைக் கண்ணாடியாக்கியவர்களில் முக்கியமானவர் அர்துரோ பியாசுத்தோ. தீவில் 'போபோலி' என்றுதான் அழைப்பார்கள். தலைமை ஊதுநருக்கு அங்கே 'மாயெஸ்த்ரோ' என்று பெயர். நம் ஊர்க் கட்டட வேலையில் 'மேஸ்திரி' என்கிறோமே, போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஒரே லத்தீன் வேர். அதனால் நான் மனதுக்குள் எப்போதும் போபோலி மேஸ்திரி என்றே சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொன்னால்தான் அவர் வேர்வையோடு என் கண் முன்னால் வருகிறார்.

இந்த இருவர் ஏற்பாடு எப்படி வந்தது என்று கேட்பாய். 1291இலேயே, தீ விபத்துக்குப் பயந்து வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோ தீவுக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து தொழில் குடும்பத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. 1921இல் மிலான் நகர வழக்கறிஞர் பாவ்லோ வெனீனியும், வெனிஸைச் சேர்ந்த பழம்பொருள் வணிகர் ஜாக்கோமோ கப்பெல்லினும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இருவருமே ஊதத் தெரியாதவர்கள். ஓவியர் விட்டோரியோ ஜெக்கினை வடிவமைக்க அமர்த்தினார்கள். பழைய ஓவியர் வெரோனேசேயின் படம் ஒன்றில் இருந்த எளிய கண்ணாடி ஜாடியை அவர் அப்படியே நிஜப் பொருளாக்கினார். அதுவரை ஒட்டுப் பூவும் தங்கப் பூச்சுமாக இருந்த முரானோ, அந்த ஒரு ஜாடியோடு மூச்சு விட ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். நான்கே ஆண்டுகளில் கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வரைபவர், உள்ளேயிருந்து ஊதுபவர் என்ற முறை நிலைத்துவிட்டது. அதன் பிறகு சந்தையில் வரைந்தவருடைய பெயர் ஏறியது, ஊதியவருடைய பெயர் மறைந்தது. இன்றைய ஏலப் பட்டியல்களை எடுத்துப் பார். வடிவமைப்பாளர், நிறுவனம், ஆண்டு, உயரம் எல்லாம் இருக்கும். ஊதியவர் பெயர் எங்கேயாவது ஒன்றில் இருந்தால் அதிசயம்.

இதை நான் புரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சேர்க்கத் தொடங்கி நான்காம் ஆண்டு, ஒரு வியாபாரியிடம் 600 யூரோ கொடுத்து 'ஃபத்ஸொலெத்தோ' ஒன்று வாங்கினேன். கைக்குட்டை என்று அர்த்தம். 1940களின் இறுதியில் ஃபுல்வியோ பியாங்கோனியும் பாவ்லோ வெனீனியும் சேர்ந்து உருவாக்கியது. பியாங்கோனி புத்தக அட்டைகளும் விளம்பரங்களும் வரைந்தவர். வாசனைத் திரவியப் புட்டிகளுக்காக முரானோ வந்து, கண்ணாடியில் மனம் பறிகொடுத்தவர். உருகிய கண்ணாடியை விரித்து, கம்பியின் முனையில் தலைகீழாகத் தொங்கவிட்டால், விளிம்புகள் தம் எடையாலேயே மடிந்து இறங்கும். காற்றில் தூக்கிப்போட்ட கைக்குட்டை அந்தரத்திலேயே நின்றுவிட்டது போல இருக்கும். நான் வாங்கியதன் அடியில் 'வெனீனி முரானோ இத்தாலியா' என்று அமிலத்தால் பொறித்த முத்திரை தெளிவாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, முரானோவில் நாற்பது ஆண்டுகள் உலையில் நின்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல வருடினார். "கனம்" என்றார். பிறகுதான் கவிழ்த்தார். அடிப்பகுதியில் பல ஆண்டுகள் மேசையில் உராய்ந்ததால் வந்த மெல்லிய கீறல்கள் இருந்தன. பழைய முத்திரையாக இருந்தால் கீறல்கள் அதன் மேலே ஓட வேண்டும். இங்கே எழுத்துகள் கீறல்களின் மேலே உட்கார்ந்திருந்தன. பின்னாளில் யாரோ பொறித்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அந்தக் கைக்குட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதுவும் இந்தத் தீவில் ஊதியதுதான். இந்த வடிவம் விற்கிறது என்று தெரிந்ததும் பக்கத்து உலைகளெல்லாம் செய்தன. நல்ல கை. பெயர்தான் பொய்" என்றார். அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டு உணவு மேசையில் இன்றும் அதுதான் இருக்கிறது. அந்த நாளிலிருந்து நான் எதை வாங்கினாலும் அடியைக் கவிழ்ப்பதற்கு முன்னால் கையில் ஏந்திப் பார்க்கிறேன்.

தாமஸ் ஸ்டெர்ன்ஸ் கதையை உனக்கு எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். 1960இல் வெனீனிக்கு வந்த அமெரிக்க இளைஞர். இருபத்து நான்கு வயது. காது சரியாகக் கேளாதவர். அவர் கொண்டுவந்த வரைபடங்களில் ஜாடிகள் ஒரு பக்கம் சரிந்தும் வளைந்தும் இருந்தன. வெனிஸின் மூடுபனியும், கால்வாய்த் தண்ணீர் ஏறி இறங்கி ஈரமேறிய சுவர்களும் கண்ணாடியில் தெரிய வேண்டும் என்றார். சுழன்றுகொண்டே இருக்கும் குழாயின் முனையில் எல்லாம் வட்டமாகத்தான் வர விரும்பும். அதைக் கோணலாக நிறுத்துவது மேஸ்திரிகளுக்குப் பிடிக்காத வேலை. ஃபிரான்செஸ்கோ ஓங்காரோ என்ற மேஸ்திரி மட்டும் அவரோடு நின்றார். கெக்கோ என்பது அவருடைய செல்லப் பெயர். வழக்கமான வேலை முடிந்த பிறகு, அடங்கிய உலைக்கூடத்தில் இருவரும் சேர்ந்து முயன்று பார்த்தார்கள். 'வெனிஸ் முகப்புகள்', 'தோஜேயின் தொப்பி' (தோஜே என்பது பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) எல்லாம் அப்படி வந்தவைதான்.

1962 வெனிஸ் பியனாலே கண்காட்சியில் அந்தக் கண்ணாடிகளுக்குத் தங்கப் பதக்கம் தர நடுவர்கள் முடிவெடுத்தார்கள். வரைந்தவர் இத்தாலியர் இல்லை என்று தெரிந்ததும் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டெர்ன்ஸ் ஊர் திரும்பிவிட்டார். அவர் வெனீனியில் செய்தவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்று பின்னாளில் ஏலத்தில் 7 லட்சம் டாலரைத் தாண்டியது. பதக்கம் பறிபோனதைப் பற்றி வருந்தி எழுதுகிறவர்கள் நிறைய. அந்தப் பதக்கம் அவரிடமே இருந்திருந்தாலும் ஓங்காரோவுக்கு அதில் பங்கு கிடைத்திருக்குமா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வரைந்தவரும் ஊதியவரும் ஒருவரே ஆன நேரங்களும் உண்டு. ஆர்க்கிமேதே செகூசோ என்பவர் 1909இல் முரானோவில் பிறந்த மேஸ்திரி. தாமே வடிவமைத்துத் தாமே ஊதியவர். 1996 ஜனவரி 29 இரவு வெனிஸின் ஃபெனிச்சே இசை நாடக அரங்கு எரிந்தது. அவர் வீடு அதற்கு எதிரே இருந்தது. 86 வயதுக் கிழவர் இரவு முழுவதும் ஜன்னலை விட்டு நகராமல் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் முரானோவுக்குப் போய் உலை முன்னால் உட்கார்ந்தார். சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையும் முறுக்கி மேலெழும் ஜாடிகளையும் கிண்ணங்களையும் ஊத ஆரம்பித்து, நூற்றுக்கும் மேல் செய்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தீயோடு வேலை செய்தவருக்குத்தான் ஊரை எரித்த தீயின் நிறங்களை அப்படி நினைவில் வைத்துக்கொள்ள முடியும். அந்த வரிசையில் ஒன்றை வாங்கும் வசதி எனக்கு இல்லை. பார்க்கக் கிடைத்ததே பாக்கியம்.

போன வாரம்கூட முரானோ போய் வந்தேன். வீட்டிலிருந்து வெனிஸுக்கு அரை மணி நேர ரயில், பிறகு ஃபொன்தமெந்தே நோவே துறையில் படகு. கல்லறைத் தீவைத் தாண்டினால் முரானோ. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகளை அணைத்துவிட்டார்கள். இரவும் பகலும் எரிந்தாக வேண்டிய உலைக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. அப்போது போனபோது தெருவெல்லாம் அமைதியாக இருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. இப்போது மறுபடி புகைபோக்கிகளில் சூடு தெரிகிறது. ஒரு கூடத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் மேஸ்திரிக்குக் குழாயில் ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி வாயே திறக்கவில்லை; இடுக்கியை லேசாகத் தூக்கினால் பையன் ஊதுகிறான், தாழ்த்தினால் நிறுத்துகிறான்.

சித்திரையில் நாங்கள் இருவரும் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உனக்கு ஒரு சிறிய கிண்ணம் கொண்டுவருகிறேன். சாம்பல் கலந்த பச்சை, அடியில் எந்தப் பெயரும் இல்லை. மேலே சொன்ன பெரியவர் இளைஞராக இருந்தபோது ஊதியது. சென்ற ஆண்டு அவரே எனக்குத் தந்தார். இதுவரை எங்கேயும் எழுதப்படாத அவருடைய பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்துத் தருகிறேன், தொலைத்துவிடாதே. கூடத்தில் கிழக்கு ஜன்னல் ஓரம் உன் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை. காலை வெயில் அங்கேதான் முதலில் விழும்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாடிப்படி ஏறாதே.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி